கோடுதான் எலும்பு

வீட்டுக்கு வருகிறவர்கள் கூடத்து ஜன்னலில் நிற்கும் கண்ணாடிப் பனங்காட்டைப் பார்த்ததும் முதலில் கேட்பது, "இதில் மொத்தம் எத்தனை துண்டு?" என்பதுதான். 800-க்குக் கொஞ்சம் மேலே என்பேன். அடுத்தது, எவ்வளவு காலம் ஆனது என்ற கேள்வி. இரண்டுமே நியாயமான கேள்விகள். ஆனால் நான் காத்துக்கொண்டிருப்பது இன்னொரு கேள்விக்கு: இந்தக் கறுப்புக் கோடுகள் எல்லாம் எங்கே போக வேண்டும் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? அதை யாராவது கேட்டால் அன்றைக்கு அவர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும், அவ்வளவு பேச்சு இருக்கிறது என்னிடம். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வண்ணக் கண்ணாடி என்றாலே எல்லோருக்கும் நிறம் நினைவுக்கு வரும். சின்னதாக ஒரு பூ, ஒரு பறவை என்று செய்கிற வரைக்கும் அந்த எண்ணத்தோடு நன்றாகவே காலம் தள்ளலாம். ஒரு சதுர அடிக்குள் கோட்டை எப்படிப் போட்டாலும் கண்ணாடி நிற்கும். பத்துச் சதுர அடிக்குப் போகும்போது கதை மாறிவிடுகிறது. 3 மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு ஏழரைக் கிலோ எடை. அதன் மேல் ஈயம், வெள்ளீயம், சட்டம் எல்லாம் ஏறும். இந்த எடை முழுவதையும் கண்ணாடி தாங்குவதில்லை. துண்டுகளுக்கு நடுவே ஓடும் உலோகக் கோடுகள்தான் தாங்குகின்றன. கண்ணுக்கு ஓவியமாகத் தெரிகிற அதே கோடு, எடைக்கு எலும்பாக இருக்கிறது. பெரிய வேலை செய்கிற ஆசை எனக்குத் தொற்றியதும் இதனால்தான். அங்கேதான் இந்த இரண்டையும் ஒரே கோட்டில் யோசித்தாக வேண்டும்.

துண்டுகளை இணைக்க இரண்டு வழிகள் உண்டு. பழையது ஈயப் பட்டை. வெட்டுமுகத்தில் ஆங்கில எச் எழுத்துபோல இருக்கும் நீளமான ஈயக் கம்பி அது. இரண்டு பக்கப் பள்ளங்களிலும் கண்ணாடியைச் செருகி, பட்டைகள் சந்திக்கும் இடங்களில் மட்டும் பற்றவைப்பார்கள். பிறகு சுண்ணாம்புக்கல் தூளும் ஆளிவிதை எண்ணெயும் குழைத்த மக்கை இடுக்குகளில் திணித்தால் பேனல் இறுகிவிடும். தேவாலய ஜன்னல்கள் பெரும்பாலும் இப்படித்தான். இரண்டாவது வழி செப்புத் தாள். ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் பசை தடவிய மெல்லிய செப்பு நாடாவைச் சுற்றி, துண்டுகளை நெருக்கி அடுக்கி, எல்லாக் கோடுகள் மேலும் உருக்கிய ஈயக் கலவையை ஓட்டுவது. அமெரிக்காவின் டிஃப்பனி பட்டறை செய்த வண்ணக் கண்ணாடி விளக்குகளால் புகழ்பெற்ற முறை. நுணுக்கமான வேலைக்கு இதுதான் சரி, நாடாவை விரல் நகம் அளவுத் துண்டுக்கும் சுற்றலாம். நான் பனை ஓலைகளுக்குச் செப்புத் தாளையும், வானத்துக்கும் மணலுக்கும் ஈயப் பட்டையையும் எடுத்துக்கொண்டேன். இரண்டையும் ஒரே பேனலில் கலக்கலாமா என்று சிலர் தயங்குவார்கள். தாராளமாகக் கலக்கலாம்.

கோட்டையும் எலும்பையும் ஒன்றாக்கும் முயற்சி நேற்று தொடங்கியதில்லை. பிரான்ஸில் சார்த்ர் தேவாலயத்தில் இது கண்கூடாகத் தெரியும். அதன் மேற்கு முகத்தில் 12-ஆம் நூற்றாண்டின் நடுவில் வைத்த ஜன்னல்களைத் தாங்கும் இரும்புச் சட்டங்கள் நேர் சதுரக் கட்டங்கள். படம் ஒரு பக்கம் போக, இரும்பு தன் பாட்டுக்குக் குறுக்கே ஓடும். அடுத்த நூற்றாண்டில் அதே தேவாலயத்தில் வைத்த ஜன்னல்களில் இரும்பையே வட்டமாகவும் சாய்சதுரமாகவும் நான்கிதழ்ப் பூவாகவும் வளைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வளைவுக்குள்ளும் ஒரு கதைக் காட்சி. எடை தாங்க வந்த இரும்பு, கதையைப் பிரித்துச் சொல்லும் வரப்பாகவும் ஆகிவிட்டது. இதைச் செய்த கொல்லர், கண்ணாடிக்காரர் பெயர்கள் நமக்கு வந்து சேரவில்லை. ஆனால் அவர்கள் இரண்டு பேரும் ஒரே வரைபடத்தை நடுவில் வைத்துப் பேசியிருக்க வேண்டும் என்று அந்த ஜன்னல்களைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அந்த வரைபடம் அப்போது காகிதத்தில் இல்லை. 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியோஃபிலஸ் என்ற துறவி எழுதிய கைவினை நூலில் முறை விவரமாக இருக்கிறது: பெரிய மரப்பலகையில் சுண்ணம் பூசி, அதன் மேல் முழு அளவில் கோடு வரைந்து, எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று குறித்து, கண்ணாடியை அதன் மேலேயே வைத்து வெட்டு. அப்படிப்பட்ட பலகைகள் ஸ்பெயினின் ஜிரோனாவில் இன்றும் இருக்கின்றன, 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. வெட்டுவதற்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்புதான் கருவி. விரிசலை அதன் சூட்டால் இழுத்துக்கொண்டு போய், மிச்சத்தை விளிம்பில் கொறித்துக் கொறித்து வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள். என்னிடம் எண்ணெய் நிரப்பிய கைப்பிடியும் கார்பைடு சக்கரமும் இருக்கிற கட்டர் இருக்கிறது. ஆனால் முழு அளவு வரைபடத்தை மேசையில் விரித்து அதன் மேலேயே வேலை செய்வது இன்றைக்கும் மாறவில்லை.

சரி, பனங்காட்டுக்கு வருகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் உடன்குடிப் பக்கம். இப்போது இருப்பது சிகாகோவின் மேற்கே ஒரு புறநகர். குளிர்காலத்தில் வீட்டின் அடித்தளத்தில் கிடைக்கிற நீண்ட மாலைகளில்தான் இந்த வேலை நடக்கிறது. திருச்செந்தூரைச் சுற்றியுள்ள தேரிக்காட்டை, அந்தச் செம்மணல் மேட்டுப் பனங்காட்டை, வரைய வேண்டும் என்று முடிவானதற்கு ஊர் ஞாபகம் ஒரு காரணம். இன்னொரு காரணம், பனை ஓலையைப் போலக் கண்ணாடிக்காரரைச் சோதிக்கிற வடிவம் வேறு கிடையாது.

விசிறி மடலை யோசித்துப் பாருங்கள். காம்பின் நுனியிலிருந்து எல்லா மடிப்புகளும் கிளம்புகின்றன. காகிதத்தில் பதினைந்து கோடுகளை ஒரு புள்ளியில் கொண்டுவந்து சேர்ப்பது எளிது. உலோகத்தில் சேர்த்தால் அந்த இடத்தில் ஒரு பெரிய ஈய உருண்டை உருவாகும், துண்டுகளின் அடிமுனை எல்லாம் ஊசியாகி உடையும். ஆகவே மடல் தொடங்கும் இடத்தில் பிறைபோல ஒரு சின்னத் துண்டை வைத்தேன். மரத்திலும் காம்பு மடலைத் தொடும் இடத்தில் அப்படி ஒரு கெட்டியான நாக்கு உண்டு, ஆகவே பொய்யும் இல்லை. பிறகு எல்லாக் கோடுகளையும் அந்தப் பிறை வரைக்கும் கொண்டுவராமல், ஒன்றுவிட்டு ஒன்றை முன்னாலேயே பக்கத்துக் கோட்டில் சேர்த்து முடித்தேன். எட்டி நின்று பார்த்தால் எல்லாம் ஒரே இடத்திலிருந்து விரிவதாகவே கண் எடுத்துக்கொள்கிறது.

மடலின் வெளி நுனிகள் அடுத்த தலைவலி. கண்ணாடியில் கூர்முனை வெட்டலாம், ஆனால் நாடா சுற்றும்போது இரண்டு பக்கத்துச் செம்பும் நுனியில் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். கடைசிச் சில மில்லிமீட்டரில் கண்ணாடியே தெரியாது, வெறும் உலோகம்தான். அதனால் நுனியைக் கொஞ்சம் மழுக்கி, மிச்சக் கூர்மையைக் கோடே முடித்து வைக்கும்படி விட்டேன்.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல் ஓலையில் இல்லை, ஓலைக்கு நடுவே தெரிகிற வானத்தில் இருந்தது. இரண்டு மடல் நுனிகளுக்கு இடையில் ஆழமான ஒரு பிளவு இருக்கும். அந்தப் பிளவுக்குள் போகிற வானத்துத் துண்டு நீண்ட முள்ளாக முடிய வேண்டும். அதே துண்டு மேலே அகலமான வானமாகவும் இருக்க வேண்டும். மடல் நுனி குத்துகிற இடத்தில் வானத்துக் கண்ணாடி உள்நோக்கிக் கூராக வெட்டுப்பட வேண்டும். கண்ணாடி இதற்கு இணங்காது. கண்ணாடியில் விரிசல் ஓட விரும்பும் வழி விளிம்பிலிருந்து விளிம்புக்கு. நடுவில் போய்க் கூர்க்கோணத்தில் திரும்பி வா என்றால் அது தன் போக்கில் நேரே போய்விடும். அதனால் ஒவ்வொரு மடல் நுனியிலிருந்தும் வானத்துக்குள் ஒரு கோடு கிளம்பியே ஆக வேண்டும். கிளம்பினால் எங்காவது போய்ச் சேரவும் வேண்டும். ஓவியத்தில் தேவையே இல்லாத கோடுகள் இவை. ஆனால் இல்லாவிட்டால் பேனலே கிடையாது.

ஒரு பெரிய பேனலைச் செய்தவரின் தேர்ச்சியை நான் இந்தக் கோடுகளை வைத்துத்தான் அளப்பேன். முகம், பூ, இறகு இவற்றில் எல்லோரும் கவனம் வைப்பார்கள். பின்னணியில், எதையும் வரையாத வெற்று இடத்தில், வேறு வழியில்லாமல் போட்ட கோடு எப்படிப் போகிறது என்று பாருங்கள். பல பேனல்களில் அது கிட்டிய விளிம்பைப் பார்த்து ஓடியிருக்கும். நல்ல பேனலில் அதற்கும் ஒரு வேலை இருக்கும்.

என் வானத்துக்கு அந்த வேலையைத் தந்தது ஆடிக் காற்று. தேரி மணலே காற்று கொண்டுவந்து குவித்த மணல்தான். மேற்கிலிருந்து வீசுகிற அந்தக் காற்று, மலையைத் தாண்டி இறங்கி வந்து மாதக்கணக்கில் ஓயாமல் அடிக்கும். வீட்டுக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், சோற்றில் மணல் கடிபடும். மடல் நுனிகளிலிருந்து கிளம்பிய அத்தனை கோடுகளையும் ஒரே திசையில், லேசாக அலைந்து அலைந்து, வலது பக்கமாகப் போகவிட்டேன். ஒரு மரத்தின் நுனியில் கிளம்பிய கோடு அடுத்த மரத்தின் ஓலையில் போய் முட்டும். அங்கிருந்து இன்னொன்று கிளம்பும். தேவைக்காக வந்த கோடுகள் சேர்ந்து காற்றாகிவிட்டன. ஓலைகளையும் அதே திசையில் கொஞ்சம் சாய்த்தேன். பல வாரங்கள் அழித்து அழித்து வரைந்த வரைபடம் அன்றைக்குத்தான் ஒரு கட்டுக்குள் வந்தது. இந்த வேலையில் நான் மிக விரும்புகிற இடம் அதுதான், கண்ணாடி இன்னும் ஒரு துண்டுகூட வெட்டியிருக்கவில்லை.

வரைபடத்தைப் படம் எடுத்து ஊரில் இருக்கும் அப்பாவுக்கு அனுப்பினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் போன் போட்டார். "எல, காவோலையை எங்க காணோம்? எல்லாத்தையும் கழிச்சுப்புட்டியா?" என்றார். ஏறி இறங்க ஆள் இல்லாத தேரிப் பனைகளில் காய்ந்த ஓலைகள் விழாமல் கொண்டைக்குக் கீழே அடுக்கடுக்காகத் தொங்கும். காற்றுக்கு அவை சடசடவென்று அடித்துக்கொள்கிற சத்தம் இல்லாமல் தேரி இல்லை. அப்பா சொன்னது படத்துக்காக. எனக்குக் கிடைத்தது கட்டுமானம். ஓலைக் கொண்டையும் மரத்தின் தண்டும் சந்திக்கும் கழுத்துதான் என் வரைபடத்தின் பலவீனமான இடம். அகலமான, துண்டு மிகுந்த ஒரு பகுதி, ஒல்லியான தண்டின் மேல் உட்கார்ந்திருந்தது. காவோலைத் துண்டுகள் கழுத்தைச் சுற்றி இரண்டு பக்கமும் ஒன்றின் மேல் ஒன்று மாறி மாறித் தொங்க, அந்த இடம் செங்கல் கட்டுபோல இறுகிவிட்டது.

நேர்க்கோடு பெரிய பேனலுக்குப் பகை. ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை உடையாமல் ஒரு கோடு போனால், தூக்கும்போது பேனல் அந்த இடத்தில் கதவுக் கீல்போல மடங்கும். தேரியில் நல்லவேளையாக அடிவானம் நேராக இல்லை. மணல் மேடு ஏறி இறங்கும், நடுநடுவே வடலிகள் என்னும் இளம்பனைகள் புதராக நின்று கோட்டை மறிக்கும். ஆனால் பனை நேராகத்தானே நிற்கும்? அதற்கு ஒரு வழி செய்தேன். படம் 6 அடி அகலம், 5 அடி உயரம். இதை ஒரே பேனலாகச் செய்வது சரிப்படாது என்பதால் 2 அடி அகலத்தில் மூன்றாகப் பிரித்தேன். பிரிவு விழுகிற இரண்டு இடங்களிலும் ஒவ்வொரு பனைத் தண்டு. தண்டின் பாதி இந்தப் பக்கத்துப் பேனலில், மீதி அந்தப் பக்கத்தில், நடுவே மரச்சட்டத்தின் நிலை. கருங்காலி நிறத்தில் சாயம் ஏற்றிய அந்தச் சட்டத்தை யாரும் சட்டமாகப் பார்ப்பதில்லை. பனையின் கருத்த உடம்பாகவே பார்க்கிறார்கள்.

இப்படிப் பிரிப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சிகாகோ கலை நிறுவனம் என்னும் அருங்காட்சியகத்தின் பெரிய படிக்கட்டின் உச்சியில் ஹார்ட்வெல் நினைவு ஜன்னல் நிற்கிறது. 1917-இல் டிஃப்பனி நிறுவனம் ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸில் ஒரு தேவாலயத்துக்குச் செய்தது, வடிவமைத்தவர் ஆக்னஸ் நார்த்ராப் என்று கருதுகிறார்கள். 23 அடி உயரம். 48 தனித்தனிப் பேனல்களாகச் செய்து சேர்த்தது. மலை, அருவி, மரங்களுக்கு நடுவே ஒளி. முன்னால் நிற்கும்போது 48 என்ற எண்ணமே வராது. பிரிவுக் கோடுகள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று ஒரு மதியம் முழுவதும் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன், அடிமரத்தில் ஒன்று, பாறை இடுக்கில் ஒன்று என்று. சிகாகோவிலேயே பண்பாட்டு மையத்தின் மாடியில் 1897-இல் கட்டிய டிஃப்பனி குவிமாடம் இருக்கிறது, 38 அடி விட்டம், சுமார் 30,000 துண்டுகள். அங்கே வார்ப்பிரும்புச் சட்டம் மீன்செதில்போலக் குவிமாடத்தைப் பகிர்ந்துகொண்டிருக்கிறது. உள்ளே நுழையக் கட்டணம் கிடையாது. சிகாகோ வருகிறவர்களை நான் முதலில் கூட்டிப்போகும் இடம் அதுதான்.

டிஃப்பனி என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் நெடுநாள் மனக்குறை உண்டு. விஸ்டீரியா கொடி விளக்கை எத்தனையோ பேர் படத்திலாவது பார்த்திருப்பார்கள். ஒரே விளக்கில் ஏறத்தாழ 2,000 துண்டுகள். அதை வடிவமைத்தவர் கிளாரா டிரிஸ்கால். நியூயார்க்கில் டிஃப்பனி பட்டறையின் பெண்கள் பிரிவுக்குத் தலைவியாக இருந்தவர். அவர் தன் குடும்பத்துக்கு எழுதிய கடிதங்கள் ஆராய்ச்சியாளர்கள் கண்ணில் பட்ட பிறகுதான், தும்பி விளக்கும் விஸ்டீரியாவும் யார் கையிலிருந்து வந்தவை என்பது உலகத்துக்குத் தெரிந்தது. 2007-இல் நியூயார்க் வரலாற்றுச் சங்கம் அவருக்கும் அவரோடு வேலை செய்த பெண்களுக்கும் ஒரு கண்காட்சி வைத்தது. ஒரு நூற்றாண்டு தாமதம். மணமான பெண்களுக்கு அந்தப் பட்டறையில் இடம் இல்லை என்பதால், கல்யாணம் என்றால் வேலையை விட வேண்டும். அந்த விளக்கின் மேல்பகுதியில் கொடியின் தண்டே உலோகச் சட்டமாக இருப்பதைப் பார்த்தால், கோட்டையும் எலும்பையும் ஒன்றாக யோசித்தவர் அவர் என்பது விளங்கும்.

கண்ணாடி வாங்கப் போகும் நாட்கள் தனி மகிழ்ச்சி. இண்டியானாவில் கோகோமோ என்ற ஊரில் 1888-இல் தொடங்கிய கண்ணாடித் தொழிற்சாலை இன்றும் ஓடுகிறது. அந்தப் பக்கத்தில் இயற்கை எரிவாயு கிடைத்த காலத்தில், மலிவான எரிபொருளை நம்பி வந்த ஆலைகளில் ஒன்று. டிஃப்பனியும் இங்கே கண்ணாடி வாங்கியிருக்கிறார். உருகிய கண்ணாடியை உலையிலிருந்து பெரிய கரண்டிகளில் அள்ளி ஆட்கள் வேகமாக நடந்து வருவார்கள். வெவ்வேறு நிறக் கரண்டிகள் ஒரே மேசையில் கொட்டப்படும். ஒருவர் நீண்ட முள்கரண்டியால் ஒரு புரட்டு, இரண்டு புரட்டு. அவ்வளவுதான், உருளைகளுக்கு நடுவே போய்த் தகடாக வெளியே வரும். புரட்டிய கைக்கு ஏற்ற மாதிரி நிறங்கள் ஓடியிருக்கும். அதனால் ஒரு தகடுபோல இன்னொன்று அமையாது.

தேரிச் செம்மண்ணின் நிறத்தை நான் அங்கேதான் கண்டுபிடித்தேன். கடைச் சிவப்பு எதுவும் அதற்கு ஆகாது. தேரியின் சிவப்பில் துரு இருக்கிறது, காலையில் ஒரு காவி, மாலையில் பழுத்த கரி நெருப்பு. அம்பரும் பழுப்பும் சிவப்பும் இழைந்த ஒரு தகட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்ததும் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், "இதான் மண்ணு." அந்த வார்ப்பில் இருந்த தகடுகளைத் தேவைக்கு அதிகமாகவே வாங்கிவந்தேன். பெரிய படத்தில் பாதி வழியில் மண் தீர்ந்துபோனால் அதே மண் மறுபடி கிடைக்காது.

வாங்கிய தகட்டை எப்படி வெட்டுவது என்பதிலும் கோட்டின் ஆட்சி உண்டு. கண்ணாடிக்குள் நிறம் ஓடுகிற திசை துணியின் நெசவுபோல முக்கியம். மணல் மேட்டில் இழை மேடு ஏறும் திசையில் போக வேண்டும், வானத்தில் காற்றோடு. ஆகவே வரைபடத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் எண்ணோடு ஓர் அம்புக்குறியும் போட்டேன். இதனால் கண்ணாடி நிறைய வீணாகும். அந்தச் செலவு தகும் என்பது என் கட்சி.

ஒளிபுகும் கண்ணாடியா, பால் கலந்ததா என்பது இன்னொரு முடிவு. தெளிந்த கண்ணாடி சூரியனைத் தரையில் வண்ணமாகக் கொட்டும், பின்னால் இருக்கிற பக்கத்து வீட்டையும் சேர்த்துக் காட்டும். பால்நிறம் கலந்தது ஒளியைத் தனக்குள்ளேயே பரப்பிக்கொண்டு தானே ஒளிர்வதுபோல நிற்கும். இந்த இரண்டாவது வகையை ஜன்னலுக்குக் கொண்டுவந்தவர்களில் முதல்வர் ஓவியர் ஜான் லா ஃபார்ஜ், 1880-இல் அமெரிக்காவில் காப்புரிமையும் வாங்கினார். நான் மணலையும் தண்டையும் பால்நிறத்தில் வைத்தேன். வானத்துக்கு மட்டும் தெளிந்த, நீர்க்கோடு ஓடிய கண்ணாடி. சிகாகோவில் டிசம்பர் நடுப்பகலில் சூரியன் 27 பாகைகூட மேலே ஏறாது. அந்தச் சாய்ந்த வெயில் வானத்துத் துண்டுகள் வழியாகக் கூடத்தின் கடைசிச் சுவர் வரை போகிறது.

வெட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், அது கைப்பழக்கம். ஒரு கோட்டை ஒரே முறைதான் கீற வேண்டும், மறுபடி அதன் மேல் கட்டரை ஓட்டினால் சக்கரமும் போகும், கோடும் பிசகும். உள்வளைவு என்றால் ஒரே வெட்டில் போகாமல் பிறை பிறையாகக் கொறித்து இறங்க வேண்டும். பிறகு ஈரமான கிரைண்டரில் விளிம்பைத் தேய்த்து, வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். இங்கே பொறுமை வேண்டும். ஒவ்வொரு துண்டும் அரை மில்லிமீட்டர் பெரிதானால் வரிசை முடிவில் பேனல் சட்டத்துக்குள் போகாது. ஈயக் கோட்டுக்கு வேண்டிய இடத்தைத் தாளிலேயே கழித்து வெட்ட இரட்டை அலகுக் கத்தரி ஒன்று இருக்கிறது. அதை வாங்கத் தயங்காதீர்கள்.

பற்றவைப்பது எனக்கு வெட்டுவதைவிடப் பிடிக்கும். 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம் கலந்த கம்பி. 190 பாகை செல்சியஸுக்குள் முழுதாக உருகிவிடும், சட்டென்று உறையும். அந்தச் சட்டென்ற உறைதல்தான் கோட்டுக்கு வட்டமான முதுகைத் தருகிறது. சூட்டுக்கோலை அவசரப்படாமல் ஒரே சீராக இழுத்தால் ஈயம் கூடவே வழிந்து வந்து மேடாக நிற்கும். அதே நேரம் மெலிந்த ஓலைத் துண்டுகளின் மேல் சூட்டுக்கோல் தங்கிவிட்டால் வெப்பத்தில் கண்ணாடி விரிசல் விடும். ஒரு மடலில் கொஞ்சம், ஆறவிட்டு அடுத்த மடலில் கொஞ்சம் என்று சுற்றிச் சுற்றி வர வேண்டும். நீண்ட கோடுகளில் செப்புத் தாளுக்கு அடியில், இரண்டு துண்டுகளுக்கு நடுவே, மெல்லிய செப்புக் கீற்று ஒன்றைச் செங்குத்தாகப் புதைத்துப் பற்றவைத்தேன். வெளியே தெரியாது. பின்பக்கம் எஃகுக் கம்பிகளும் உண்டு, அவற்றையும் காற்றின் கோட்டோடு வளைத்தே ஒட்டினேன். சார்த்ரில் கொல்லர்கள் செய்ததுதான்.

ஈயத்தோடு புழங்குவது விளையாட்டு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பற்றவைக்கும் சூட்டில் எழும் புகை பெரும்பாலும் ஈயம் பிடிப்பதற்காக உலோகத்தில் தடவும் ஃபிளக்ஸிலிருந்து வருவது, அதற்குக் காற்றோட்டம் வேண்டும். ஈயத்தின் ஆபத்து முக்கியமாகக் கையிலும் தூசியிலும் இருக்கிறது. அடித்தளத்தில் நான் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. வேலைக்குத் தனிச் சட்டை, தனிச் செருப்பு, படியேறும் முன் கை கழுவுதல், தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தல். இரத்தத்தில் ஈய அளவை அவ்வப்போது சோதித்துக்கொள்கிறேன். சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில், கதவு பூட்டக்கூடிய தனி அறை இல்லாவிட்டால், இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம் என்பேன். கர்ப்பமாக இருப்பவர்களும் தள்ளியே இருக்க வேண்டும்.

பழைய தேவாலய ஜன்னல்களில் கண்ணாடி நூற்றாண்டுகளாக மெல்ல வழிந்து கீழே கனத்துவிட்டது என்று ஒரு கதை உலவுகிறது. கண்ணாடி வழிவதில்லை. அந்தக் காலத்தில் தகடு ஊதி விரித்த முறையில் கனம் சீராக அமையவில்லை, அவ்வளவுதான். ஜன்னல் தொப்பை போட்டிருந்தால் அது ஈயம் தளர்ந்ததன் அடையாளம். பல தலைமுறை வெயிலிலும் குளிரிலும் விரிந்து சுருங்கி ஈயம் களைத்துப்போகும். அப்போது ஜன்னலைக் கழற்றிப் புது ஈயம் கட்டுவார்கள், கண்ணாடி பழையதே இருக்கும். எலும்பை மாற்றிக்கொண்டு வாழ்கிற கலை இது. புதுச்சேரி ரயில் நிலையத்துக்கு அருகே இருக்கும் திரு இருதய பசிலிக்காவுக்குப் போனால் புனிதர்களின் ஜன்னல்களுக்குக் கீழே நின்று, நிறத்தை ஒரு நிமிடம் ஒதுக்கிவிட்டு, கோடுகள் எந்த வழியாக இறங்குகின்றன என்று பாருங்கள்.

சிகாகோவிலேயே ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஃபிராங்க் லாயிட் ரைட் கட்டிய ரோபி வீட்டு ஜன்னல்களில் நிறம் கொஞ்சம்தான், பெரும்பகுதி வெறும் கண்ணாடி, கோடே படம். கலை நிறுவனத்தில் ஓவியர் மார்க் ஷகாலின் அமெரிக்க ஜன்னல்களில் நீலம் ஈயக் கோட்டைப் பொருட்படுத்தாமல் தாண்டித் தாண்டிப் போகிறது. அந்த நீலம் எனக்கு உயிர். ஆனாலும் மேசைக்குத் திரும்பும்போது நான் ரைட்டின் கட்சிதான்.

பேனலைச் சரிபார்க்க எனக்கு ஒரு வழி உண்டு: இரவில் உள்ளே விளக்கைப் போட்டுப் பார்ப்பது. வெளியே இருட்டு என்பதால் கண்ணாடியின் நிறம் பெருமளவு செத்துவிடும். மிஞ்சுவது பெரும்பாலும் கோடுகள்தான். அந்த நேரத்திலும் பனை பனையாகவும் காற்று காற்றாகவும் தெரிந்தால் வரைபடம் சரி. முதல் பேனலை இப்படி நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் மற்ற இரண்டுக்கும் வரைபடத்தில் சில கோடுகளைத் திருத்தினேன். நடுப் பேனலின் இடது மேல் மூலையில் காற்று கொஞ்சம் தயங்குவது தெரிந்தது, இரண்டு கோடுகளை ஒன்றாக்கியதும் ஓடத் தொடங்கியது.

கடைசியாகத் தூக்கும் நாள். முடிந்த பேனலைச் சோற்றுத் தட்டுபோலத் தட்டையாக ஒருநாளும் தூக்கக் கூடாது, நடுவில் தொய்ந்து ஈயம் பிரியும். மேசை விளிம்புக்கு மெதுவாக நகர்த்தி, விளிம்பையே அச்சாக வைத்துச் செங்குத்தாக நிமிர்த்தி, நின்ற நிலையிலேயே எடுத்துப் போக வேண்டும். ஒவ்வொன்றையும் இரண்டு பேர் பிடித்துப் படியேற்றினோம். எடை சங்கிலியில் தொங்கக் கூடாது, கீழ்ச்சட்டத்தின் மேல் உட்கார வேண்டும். மேலே இருக்கிற கொக்கிகள் சாயாமல் பிடிப்பதற்கு மட்டும். வீட்டு ஜன்னலின் கண்ணாடிக்கும் பேனலுக்கும் நடுவே இடைவெளி விட்டு, மேலும் கீழும் காற்று போக வழி வைத்திருக்கிறேன், இல்லாவிட்டால் குளிர்காலத்தில் நீர் கோக்கும். துடைப்பதற்கு மென்மையான துணியும் மெழுகும் போதும். அமோனியா கலந்த கண்ணாடித் திரவத்தை மட்டும் கிட்டே கொண்டுவராதீர்கள், கோடுகளுக்கு ஏற்றிய கறுப்பை அது தின்றுவிடும்.